பதநீர் ஒரு பட்டை 50 ரூபாய் – கொடுக்கலாமா, வேண்டாமா?

போன பதிவு உளுந்து வெலையப் பத்தி எழுதினேன். அதப் படிச்சிட்டு ரெண்டு மூணு பேர் போன் போட்டாங்க. "உளுந்து கெடக்கட்டும், திருச்செந்தூர்ல இருந்து கன்னியாகுமரி போற ரோட்டுல பதநீர் ஒரு பட்டை 50 ரூபாய்னு வாங்கறான், இது அடுக்குமா? நீங்க பனங்காட்டுக்காரர்தான, சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. ஒத்த வார்த்தையில பதில் சொல்ல முடியல. அதான் உக்காந்து கணக்குப் போட்டு எழுதறேன்.

எங்க பக்கத்துப் பேச்சுல அது பயினி. எழுத்துக்காகப் பதநீர்னே வச்சுக்குவோம். நான் பள்ளிக்கூடம் போன காலத்துல நாலணா குடுத்தா வயிறு முட்டக் குடிக்கலாம். ஓலைப் பட்டையக் கையில ஏந்திக்கிட்டு நின்னா, போதும்னு சொல்ற வரைக்கும் ஊத்துவாங்க. பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி ரோட்டோரத்துல ஒரு பட்டை 10 ரூபாய். கொரோனாவுக்கு முன்னாடி 30. இப்ப 50. நொங்கு வெட்டிப் போட்டா அதுக்குத் தனி. ஒரு பட்டையில கால் லிட்டர்தான் நிக்கும். அப்போ லிட்டர் 200 ரூபாய் ஆகுது. எங்க ஊரு சொசைட்டியில பால் ஊத்தறவனுக்கு அதுல கால் பங்கு கூடக் கெடைக்கிறதில்ல. மேலோட்டமாப் பாத்தா கொள்ளை மாதிரிதான் தெரியும்.

பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு என் தங்கச்சி குடும்பம் வந்திருந்துச்சு. மருமகன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கறான். திரும்பி வர்ற வழியில எல்லாரும் பதநீர் குடிக்க வண்டிய நிறுத்துனோம். ஆறு பட்டை, 300 ரூபாய். "அண்ணாச்சி, அம்பது ரொம்ப அதிகம், நாப்பதுன்னு போடுங்க"ன்னு மருமகன் பேரம் பேசுனான். வண்டிக்காரர் ஒத்துக்கல. அப்புறம் கார்ல வரும்போது அவனே பேச்சுவாக்குல சொன்னான், "மாமா, பெங்களூர்ல இப்ப கிராஃப்ட் பீர் வெல எக்கச்சக்கமா ஏறிப் போச்சு, முந்தி 300க்குள்ள இருந்த கிளாஸ் இப்ப 450"ன்னு.

அது என்ன மாப்ளே, பீர்ல அப்படி ஒரு ரகம்னு கேட்டேன். வெவரமாச் சொன்னான். பார்லிய மொளைக்க வச்சு, காய வச்சு, ஹாப்ஸ்னு ஒரு கசப்புப் பூவப் போட்டுக் காய்ச்சி, ஈஸ்ட் சேத்துப் புளிக்க வைக்கிறது. பெரிய கம்பெனிக்காரன் லட்சக்கணக்குல பாட்டில் போடுவான். இவங்க அந்தந்தக் கடையிலயே சின்னச் சின்ன தொட்டியில கொஞ்சம் கொஞ்சமாப் பண்றாங்க. ஹாப்ஸ் பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்து வரணும். ரொம்ப நாள் வச்சு விக்க முடியாது. கடை வாடகை, ஆள் கூலி, அது போக அரசாங்க வரி ஒரு பெரிய பங்கு. "அதான் மாமா வெல. ஒருத்தன் நின்னு கவனிச்சுப் பண்ற சரக்கு, அதுக்குக் காசு குடுக்கறோம்"னான்.

அவன் சொன்னதுல தப்பு ஒண்ணுமில்ல. எனக்கு அந்தப் பழக்கம் கெடையாது. குடிக்கறவன் காசு, அவன் பாடு. ஆனா அவன் சொன்ன ஒவ்வொரு காரணமும் பதநீருக்கு அப்படியே பொருந்துதே! கொஞ்சமாத்தான் கெடைக்கும். மிஷின் கெடையாது, கைவேலை. இன்னைக்கு எறக்குனா இன்னைக்கே தீக்கணும். அதுக்கு 450 சரி, இதுக்கு 50 அதிகமா? இத நான் மருமகன்ட்டயே கேட்டேன். சிரிச்சிட்டு, "மாமா, இது மரத்துல இருந்து சும்மா வடியறது தான?"ன்னான்.

சும்மா வடியற கதையத்தான் இப்ப சொல்லப் போறேன்.

எங்க வரப்புல 14 பனை நிக்குது. எங்க அப்பாவுக்கு அப்பா காலத்து மரம். பக்கத்துத் தோட்டக்காரங்க ரெண்டு பேர் மரத்தையும் சேத்தா 25. இந்த 25 மரத்தையும் ஏறுறது ஒரே ஒரு அண்ணாச்சிதான். வயசு 61. ஊருல முந்தி நாப்பது அம்பது பனையேறி குடும்பம் இருந்துச்சு. இப்ப மரம் ஏறுறது இவரு ஒருத்தர்தான்.

மாசி மாசமே அவருக்கு வேலை ஆரம்பிச்சிரும். மொதல்ல மட்டை கழிச்சு மரத்தச் சுத்தம் பண்ணணும். பாளை வந்ததும் கடிப்பு வச்சு நசுக்கிப் பதம் பண்ணணும். ஆண் பனைக்கு ஒரு பக்குவம், பெண் பனைக்கு ஒரு பக்குவம். இதெல்லாம் முடியறதுக்கே வாரக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் சல்லிக்காசு வருமானம் இல்ல. அதுக்கப்புறம் பாளை நுனிய மெல்லிசாச் சீவி, உள்ள சுண்ணாம்பு தடவுன கலயத்தக் கட்டணும். காலையில ஒரு ஏத்தம், சாயங்காலம் ஒரு ஏத்தம். ஒவ்வொரு ஏத்தத்துலயும் பாளையச் சீவணும். ஒரு நாள் சீவாம விட்டா வெட்டுவாய் காஞ்சு அடைச்சுக்கும், வடியறது நின்னு போகும். அதனால கல்யாணம், காய்ச்சல், தேர்தல் எதுக்கும் அவருக்கு லீவு கெடையாது.

சுண்ணாம்பு எதுக்குன்னு டவுன் பிள்ளைங்க கேக்கறதுண்டு. அது இல்லாட்டி சில மணி நேரத்துல பதநீர் புளிச்சுக் கள்ளாயிரும். காத்துலயும் பானையிலயும் இருக்கற ஈஸ்ட்டே அந்த வேலையப் பாத்துரும். பெங்களூர்ல தொட்டி வச்சு, வெலை குடுத்து வாங்கிப் போடற ஈஸ்ட் இங்க கேக்காமலே வந்து உக்காந்துக்கும்! நம்ம மாநிலத்துல 1987ல இருந்து கள்ளுக்குத் தடை. கேரளாவுல கள்ளுக்கடை இருக்கு. சரி தப்புங்கற விவாதத்துக்கு நான் போகல. ஆனா பதநீர் எறக்கறவர் எந்நேரமும் சுண்ணாம்பக் கையிலயே வச்சிருக்கணும். அது கொஞ்சம் கொறைஞ்சா சரக்கு புளிச்சிரும், சந்தேகமும் வரும். கூடிப் போனா நாக்கு வெந்துரும். அந்த அளவு அவரு கைக்குத்தான் தெரியும்.

இப்ப ஏத்தக் கணக்கு. எங்க மரங்க சராசரி 40 அடி இருக்கும். 25 மரம், நாளுக்கு ரெண்டு தடவை. 2,000 அடி ஏத்தம், அதே அளவு எறக்கம். மீட்டர்ல சொன்னா 600க்கு மேல. திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர்னு சொல்வாங்க. அப்போ மலைக்கோட்டைய ஒரே நாள்ல ஏழு தடவை ஏறி எறங்குன மாதிரி. அங்கயாவது படி இருக்கு. இங்க காலுல தளைநார், நெஞ்சுல தோல், இடுப்புல அருவாப்பெட்டி, எறங்கும்போது நெறஞ்ச கலயம். 61 வயசு.

அடுத்து காசு கணக்கு. நல்லா வடியற ரெண்டு மாசத்துல 25 மரத்துக்கும் சேத்து நாளுக்கு 50 லிட்டர் கெடைக்கும். தொடக்கத்துலயும் கடைசியிலயும் ஒரு ரெண்டு மாசம் பாதிதான், 25 லிட்டர். ஆக ஒரு பருவத்துக்கு 60 நாள் 50 லிட்டர், 60 நாள் 25 லிட்டர். மொத்தம் 4,500 லிட்டர். ரோட்டுக்குக் கொண்டு போற வியாபாரி மரத்தடியில வந்து லிட்டர் 40 ரூபாய்னு எடுக்கறார். எல்லாத்தையும் பதநீராவே வித்துட்டாருன்னு வச்சா 1,80,000 ரூபாய். கலயம், சுண்ணாம்பு, நாரு, மரத்துப் பாட்டம் எல்லாம் சேத்து ஒரு 25,000 கழிங்க. மிச்சம் 1,55,000.

இது அவரு ஒருத்தர் சம்பாத்தியம் இல்ல. அந்த அக்காவும் விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு, கலயம் கழுவி, சுண்ணாம்பு கலக்கி, மரத்துக்கு மரம் குடம் தூக்குது. மரம் கழிக்கற நாளையும் சேத்து அஞ்சு மாசம், 150 நாள் வேலை. ரெண்டு பேருக்கும் பிரிச்சா ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 சொச்சம். எங்க ஊருல கட்டட வேலைக்குப் போற சித்தாளுக்கே 700 ரூபாய் கூலி. அங்க விழுந்தா மண்ணு மேல விழலாம். இங்க விழுந்தா என்னாகும்னு நான் எழுத வேண்டாம்.

இப்ப வெலை ஏறுன கதைக்கு வருவோம். ரோட்டுல ஒரு பட்டை 30ல இருந்து 50 ஆச்சு. 20 ரூபாய் ஏத்தம். அதே காலத்துல மரத்தடி வெலை லிட்டர் 30ல இருந்து 40 ஆச்சு. லிட்டருக்கு நாலு பட்டை. அப்போ நீங்க கூடுதலாக் குடுத்த 20 ரூபாயில மரம் ஏறுனவர் கைக்குப் போனது ரெண்டரை ரூபாய். மீதி பதினேழரை ரூபாய் வழியிலயே நின்னு போச்சு.

ரோட்டுல விக்கறவரக் குத்தம் சொல்ல எழுதல. அவருக்கும் டெம்போ டீசல் இருக்கு, ஐஸ் இருக்கு, ஓலை இருக்கு, வெயில்ல நிக்கணும். மத்தியானத்துக்கு மேல மிஞ்சுனத யாரும் வாங்க மாட்டாங்க, அந்த நட்டம் அவருக்குத்தான். ஆனா சில எடத்துல ஐஸ் தண்ணி ஊத்தி, சாக்கரின் போட்டு, ஒரு குடத்த ரெண்டு குடமாக்கறதும் நடக்கு. அப்படிப்பட்ட சரக்குக்கு 10 ரூபாய் குடுத்தாலும் தெண்டம்தான்.

கருப்பட்டிக்கும் இதே கணக்கு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டுல இருந்து பத்து லிட்டர் பதநீர் வேணும். எட்டுன்னே வைங்க, 40 ரூபாய்னா பதநீரே 320. அத தாச்சியில ஊத்தி, உடைமர வெறகு வச்சு, மணிக்கணக்குல கிண்டி, கூப்பனி பதம் வந்து, சிரட்டையில ஊத்தி எடுக்கணும். பொங்கி வழியாம இருக்க ஆமணக்கு விதைய நசுக்கிப் போடுவாங்க. அந்தப் புகையில உக்காந்திருக்கற ஆளுக்குக் கூலி போட்டா 400, 450க்குக் கொறஞ்சு அசல் கருப்பட்டி வரவே வராது. கடையில 250 ரூபாய்க்கு 'ஒரிஜினல் உடங்குடி'ன்னு தொங்குதுன்னா அதுல பாதி சீனி. சீனி கிலோ 45 ரூபாய்க்குக் கெடைக்கும்போது கலக்கறவனுக்கு என்ன கஷ்டம்? நக்கிப் பாத்து, தண்ணியில கரைச்சுப் பாத்துக் கண்டுபிடிக்கற வித்தையெல்லாம் பல பேர் சொல்வாங்க. எனக்கு இந்தக் கணக்கு ஒண்ணு போதும்.

இன்னொண்ணு. பதநீரும் கருப்பட்டியும் சர்வரோக மருந்துன்னு சொல்லி வெலை ஏத்தறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அதுவும் இனிப்புதான். சுகர் இருக்கறவங்க டாக்டரக் கேட்டுட்டுக் குடிங்க. ருசிக்கும் உழைப்புக்கும் காசு குடுத்தாப் போதும், மந்திரத்துக்குக் குடுக்க வேண்டாம்.

நான் இவ்வளவு மெனக்கெட்டு எழுதறதுக்குக் காரணம் இருக்கு. போன மாசம் அண்ணாச்சி என்கிட்ட வந்து, "தம்பி, லிட்டர் அறுவதுக்குப் போனா அடுத்த வருசமும் ஏறுவேன். இல்லன்னா இந்தப் பருவத்தோட தளைநாரக் கழட்டிருவேன். மவன் திருப்பூருக்கு வந்துருன்னு கூப்பிடுதான், ஏதோ வாட்ச்மேன் வேலையாம்"னாரு. கோவமா ஒண்ணும் சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னாரு.

அவரு சொன்ன ரெண்டாவது வாரம் செங்கல் சூளைக்கு மரம் புடிக்கற புரோக்கர் வந்து நிக்கறார். யாரு சொல்லி வந்தாருன்னு தெரியல. என் 14 மரத்துக்கும் சேத்து 10,000 தாரேன்னார். மரம் ஒண்ணு 700 ரூபாய் சொச்சம். நான் சிரிச்சுக்கிட்டே கணக்குச் சொன்னேன்: "அண்ணே, ஒரு மரம் ஒரு பருவத்துல 180 லிட்டர் குடுக்கு. நாப்பது ரூபாய்னாலும் 7,200." அவரு பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "ஏற ஆளு இருந்தா சரிதான். ஆளு இருக்கா?"

அந்தக் கேள்விக்கு எங்கிட்ட ஒரே ஒரு ஆளுதான் பதிலா இருக்காரு. அவருக்கும் 61.

பனைய வெட்ட இப்ப கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல வேளாண் பட்ஜெட்டுல அறிவிச்சாங்க. நல்ல விஷயம். அதே பட்ஜெட்டுல 76 லட்சம் பனை விதை குடுக்கறதா திட்டமும் போட்டாங்க. அதுவும் நல்ல விஷயம். எங்க ஊருப் பிள்ளைங்க கூட கண்மாய்க் கரையில விதை ஊனியிருக்காங்க. ஆனா இன்னைக்குப் போட்ட விதை பாளை விட பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆகும். அன்னைக்கு அதுல ஏற ஆளு வேணும்னா, இன்னைக்கு ஏறுற ஆளோட பிழைப்பப் பாத்து ஒரு பையனாவது "நாமளும் இதக் கத்துக்கலாம்"னு நெனைக்கணும். ஒரு நாளைக்கு 500 ரூபாயப் பாத்து எவன் நெனைப்பான்?

லிட்டர் 60 கெடைச்சா என்ன ஆகும்? 4,500 லிட்டருக்கு 2,70,000. செலவு போக 2,45,000. ஆளுக்கு ஒரு நாளைக்கு 800 சொச்சம். பெரிய பணக்காரர் ஆயிர மாட்டார், ஆனா சித்தாள் கூலியத் தாண்டிருவாரு. இதுக்காக, குடிக்கறவங்க ஒரு பட்டைக்குக் கூடக் குடுக்க வேண்டியது வெறும் அஞ்சு ரூபாய். அந்த அஞ்சு ரூபாய் மரத்தடிக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான்.

அதனால நாங்க மரத்துக்காரங்க மூணு பேரும் பேசி ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம். இந்த வருசம் பாட்டம் வாங்கறதில்ல. காலையில எறக்கற பதநீர்ல ஒரு பகுதிய எங்க களத்துலயே விக்கறோம். லிட்டர் 80 ரூபாய். 60 அண்ணாச்சிக்கு. மீதி 20, கேன் கழுவி, ஓலை மடிச்சு, ரெண்டு மணி நேரம் நின்னு ஊத்தற எங்க ஊரு அக்காவுக்கு. பட்டையில குடிச்சா 20 ரூபாய். ஐஸ் கெடையாது, மரத்துக் குளிர்ச்சிதான்.

மொத வாரம் நாளுக்கு 12 லிட்டர் போச்சு. இப்ப 20 லிட்டர் வரைக்கும் போகுது. பக்கத்து டவுன்ல இருந்து வாத்தியாருங்க நாலு பேர் முறை வச்சு பைக்ல வந்து வாங்கிட்டுப் போறாங்க. மீதி 30 லிட்டர் இன்னும் வியாபாரிக்குத்தான் போகுது, அதே 40 ரூபாய்க்கு. அவருகிட்டயும் பேசிப் பாத்தோம். "45 வேணா தாரேன்"னு எறங்கி வந்திருக்கார். ஆக இன்னும் 60 ஆகல. எல்லாத்தையும் கூட்டிச் சராசரி பாத்தா 50 கிட்ட நிக்குது.

சரி, கேட்ட கேள்விக்கு என் பதில். ரோட்டுல 50 ரூபாய் குடுக்கறதுக்கு முன்னாடி, "அண்ணாச்சி, இது எந்த ஊரு மரம், யாரு எறக்குனது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பனையேறியோ அவரு வீட்டு ஆளோ நேரா நின்னு வித்தா பேரம் பேசாம 50 குடுங்க, அது தகும். யாருன்னு சொல்லத் தெரியாம முழிச்சா, வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க. கொஞ்சம் உள்ள தள்ளி கிராமத்துக்குள்ள வந்தா, இதவிடக் கொறஞ்ச காசுக்கு இதவிட நல்ல பதநீர் கெடைக்கும், குடுக்கற காசும் ஏறுன ஆளுக்கே போகும்.

மருமகன் இந்தக் கணக்கையெல்லாம் கேட்டுட்டு, ஊருக்குப் போற அன்னைக்குக் காலையில அவனாவே களத்துக்குப் போய் ரெண்டு லிட்டர் வாங்கிட்டு வந்தான். பேரம் பேசுனானான்னு அந்த அக்காட்ட விசாரிச்சேன், பேசலையாம்.

வர்றவங்க காலையில எட்டு மணிக்குள்ள வாங்க. எவர்சில்வர் தூக்கு கொண்டு வாங்க, பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். வெயிலு ஏறுறதுக்குள்ள வீட்டுக்குக் கொண்டு போயிருங்க. மழை பேஞ்ச மறுநாள் வராதீங்க, ருசி இருக்காது. வைகாசி கடைசி வரைக்கும் கெடைக்கும்.

அண்ணாச்சி அடுத்த வருசம் ஏறுவாரான்னு இன்னும் சொல்லல. பருவம் முடிஞ்சு கணக்குப் பாத்துட்டுச் சொல்றேன்னுருக்காரு. சொன்னதும் இங்க எழுதறேன்.